தைராய்டு மாத்திரையோடு அமுக்கரா சாப்பிடலாமா?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "வயது 44. தினமும் காலையில் தைராக்ஸின் 75 போடுகிறேன். தூக்கம் சரியில்லை என்றதும், வீட்டுக்கு வந்து மூலிகை விற்கிறவர் அமுக்கரா கேப்ஸ்யூல் கொடுத்தார். வேர்தானே, பயமில்லாமல் சாப்பிடலாமா?"

வேண்டாம் சகோதரி. ஆரம்பித்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். தைராக்ஸினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, நல்ல மருந்துதான். சித்த மருத்துவனான நானும் தூக்கத்துக்கு எழுதித் தருகிறேன். ஆனால் அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. உங்கள் மாத்திரையின் வேலையும் அதேதான். இரண்டும் சேர்ந்தால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை வரலாம். இருக்கிற தூக்கமும் போகும்.

விற்கிறவர்கள் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். சில வாரம் கழித்து ரத்தத்தைப் பரிசோதித்தால் டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், கூடினால் இறங்கும் அளவு) இறங்கியிருக்கலாம். உடனே, "பார்த்தீர்களா, குணமாகிவிட்டது, இங்கிலீஷ் மாத்திரையை விட்டுவிடுங்கள்" என்பார்கள். இறங்கியதற்கு மாத்திரையும் காரணம் என்பதைச் சொல்ல மாட்டார்கள். அதை நம்பி மாத்திரையை விட்டவர்கள் முகம் உப்பி, உடம்பு கனத்து, மூச்சு வாங்க வந்து நிற்கிறார்கள். சுரப்பியே வேலை செய்யாதவருக்கு எந்த வேரும் மாத்திரைக்கு மாற்று ஆகாது.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மருந்து என்றால் உற்பத்தி உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க உரிம எண். ஒரே வேர் ஒரு கடையில் மருந்து, அடுத்த கடையில் சத்துப்பொடி! அமுக்கரா மருந்தில் வேருக்குப் பதில் இலையைச் சேர்க்காதீர்கள் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-லேயே தயாரிப்பாளர்களுக்குச் சொல்லிவிட்டது. சரி, நம் கடற்கரை ஊர்களில் பையோடு தெருத்தெருவாக வருகிறவரை நிறுத்திக் கேட்பது யார்? கேப்ஸ்யூலைப் பிரித்துப் பாருங்கள். வேர்ப்பொடி வெளிர் பழுப்பாக இருக்கும்; பச்சை அடித்தால் இலை கலந்திருக்கலாம், தூக்கி எறியுங்கள்.

அரிதாகக் கல்லீரலும் பாதிக்கப்படுகிறது. கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடம்பு அரித்தாலோ கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போதைக்கு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரம் கழித்து டீ குடியுங்கள். கேப்ஸ்யூலை நிறுத்தி 6 வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள். மாத்திரை அளவு அதிகமானாலும் தூக்கம் கெடும், அதையும் டாக்டரிடம் கேளுங்கள். அமுக்கரா சாப்பிட்டதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.