ஆய்வுக் கட்டுரையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கேள்வி: முதுநிலை முதலாண்டு படிக்கிறேன். ஆய்வுக் கட்டுரையை எடுத்தால் மூன்றாம் பக்கத்திலேயே திணறி நின்றுவிடுகிறேன். எந்தப் பகுதியில் எதைத் தேட வேண்டும்?

பதில்: அச்சிட்ட வரிசையிலேயே படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அறிவியல், மருத்துவக் கட்டுரைகள் பெரும்பாலும் முன்னுரை, ஆய்வுமுறை, முடிவுகள், விவாதம் என்று பிரிந்திருக்கும். முன்னால் சுருக்கம், பின்னால் மேற்கோள் பட்டியல்.

சுருக்கம் வழக்கமாக 150 முதல் 300 சொற்கள். இந்தக் கட்டுரை நமக்குத் தேவையா என்று பார்க்க அது போதும். அதை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். அடுத்து முன்னுரையின் கடைசிப் பத்திக்குத் தாவுங்கள். ஆய்வுக் கேள்வி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை உங்கள் வார்த்தையில் ஒரே வரியாக ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத வரவில்லையென்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள்.

பிறகு ஆய்வுமுறை. பலரும் தாண்டிப்போகும் இதில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது. எத்தனை பேர், எப்படிச் சேர்த்தார்கள், ஒப்பீட்டுக் குழு உண்டா, யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்களா, எதை அளந்தார்கள்? கருவியின் மாடல் எண், கரைசலின் செறிவு போன்றவற்றை முதல் வாசிப்பில் விட்டுவிடலாம்.

முடிவுகளில் அட்டவணையும் படங்களும் முதலில், பத்திகள் பிறகு. ஒரு மருந்து ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 4 அலகு குறைத்தது, 95% நம்பிக்கை இடைவெளி (உண்மையான பலன் இருக்கக்கூடிய வீச்சு) −1 முதல் 9 வரை என்று வைத்துக்கொள்வோம். இடைவெளிக்குள் பூஜ்யம் வந்துவிட்டது. பலனே இல்லாமலும் இருக்கலாம் என்பதற்கு இந்தத் தரவு இடம் கொடுக்கிறது. 'பாதிப்பு 50% குறைந்தது' என்ற வரியைக் கண்டால் எண்ணிக்கையைத் தேடுங்கள். 1,000 பேரில் 2 பேருக்கு வந்தது 1 ஆனாலும் அதே 50%தான். படத்தின் பிழைக்கோடுகள் காட்டுவது திட்டவிலக்கமா (தரவு எவ்வளவு சிதறியிருக்கிறது), திட்டப்பிழையா (சராசரி எவ்வளவு துல்லியமானது) என்பதைப் படவிளக்கத்தில் பாருங்கள். 25 பேர் கொண்ட ஆய்வில் திட்டப்பிழை, திட்டவிலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். குட்டைக் கோட்டைப் பார்த்து, தரவு சிதறாமல் இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

விவாதத்தைக் கடைசியில் படியுங்கள். அதற்குள் உங்களுக்கென ஒரு கருத்து உருவாகியிருக்கும், ஆசிரியர்கள் இழுத்த பக்கம் போக மாட்டீர்கள். குறைபாடுகளைச் சொல்லும் பத்தி பெரும்பாலும் இதன் இறுதியை ஒட்டி வரும். விவாதத்தில் 'இருக்கலாம்' என்றிருப்பது சுருக்கத்தில் 'நிரூபிக்கிறது' ஆகியிருந்தால் உஷார். நிதி யார் கொடுத்தது என்ற சிறிய எழுத்து வரிகளையும் விடாதீர்கள்.

மேற்கோள் காட்டுமுன் இதழின் இணையதளத்தில் கட்டுரையின் பக்கத்தைத் திறந்து, அது திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். 12 குழந்தைகளை வைத்து எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்துப் பேசிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழ் 2010-இல்தான் திரும்பப் பெற்றது. உங்கள் கணினியில் பழைய பிரதி கிடந்தால் அதில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை இருக்காது.