ஸ்னோமொபைலும் மேய்ச்சலும்

அன்புள்ள ஐயா,

வட ஐரோப்பாவின் சாமி இன மக்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டி, ஜிபிஎஸ், செல்போன் எல்லாம் வைத்துக்கொண்டு ரெயின்டீர் மான் மேய்க்கிறவர்களை இன்னமும் 'மண்ணோடு ஒட்டி வாழ்கிறவர்கள்' என்பது சரியா? அடுத்த ஆண்டு நார்வேயில் ட்ரோம்சோ போகிறேன். ஒரு குடும்பத்துக்கு எத்தனை மான் இருக்கும்?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நிலத்துக்கு ஒரு கேடு வந்தால் அது எவ்வளவு சீக்கிரம் அடுப்படி வரை வருகிறது என்று பார்த்துத்தான் அப்படி எழுதினேன்.

குளிர்காலத்தில் அந்த மான்களுக்கு முக்கியத் தீவனம் லைக்கன், தரையோடு படர்ந்து கிடக்கும், பாசி மாதிரி இருக்கும். பனியைக் குளம்பால் கிளறி, மோப்பம் பிடித்துத் தின்னும். நடுக்குளிரில் மழை பெய்துவிட்டால்தான் ஆபத்து, அந்த ஈரம் உறைந்து கண்ணாடி போல இறுகிவிடும், காலடியில் தீவனம் இருந்தும் மான் பட்டினி கிடக்கும். அப்புறம் தீவனத்தை விலைக்கு வாங்கி மந்தை நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும், நீங்கள் சொன்ன அதே ஸ்னோமொபைலில்.

1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது நடந்தது இதைவிடக் கொடுமை. லைக்கனுக்கு வேர் கிடையாது, காற்றிலும் மழையிலும் வருவதை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். வெடிப்பில் வெளியேறிய சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் அதில் படிந்து, மானுக்குள் போய், இறைச்சிக்கு வந்தது. சுவீடன் ஒரு கிலோவுக்கு 300 பெக்கரல் அளவு கதிரியக்கம்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்ததால் அந்த ஆண்டு வெட்டிய மான் இறைச்சியில் பெரும்பகுதியை உணவாக விற்கவே முடியவில்லை. மறு ஆண்டு வரம்பை 1500 ஆக உயர்த்தினார்கள். எங்கோ உக்ரைனில் வெடித்ததற்கு, அணுமின்சாரத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு மேய்ப்பர் தன் மந்தையையும் தன் பிள்ளைகள் தின்னும் சோற்றையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டி வந்தது, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

எத்தனை மான் என்று மட்டும் அங்கே போய்க் கேட்டுவிடாதீர்கள். வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று முன்பின் தெரியாதவரைக் கேட்பது போல அது. இந்தக் குளிருக்கு மேய்ச்சல் எப்படி என்று கேளுங்கள். பனிக்கடியில் இருக்கும் தீவனம் மானுக்கு எட்டுகிறதா என்பதைச் சொல்ல வடக்கு சாமி மொழியில் தனிச் சொல்லே உண்டு: குவொஹ்துன்.