1000 இணைப்புகளுக்கு இன்டர்நெட், டிவி, போன் மூன்றையும் ஒரே ஃபைபரில் கொடுக்க நெட்வொர்க்கை எப்படி வடிவமைப்பது?

கேள்வியில் சொல்லியிருக்கும் நிலைமை: ஒரு பேரூராட்சி, சுமார் 1000 இணைப்புகள், கன்ட்ரோல் ரூமிலிருந்து கடைசி வீடு 6 கிலோமீட்டர். இப்போது கோஆக்சியலில் கேபிள் டிவி ஓடுகிறது. அதை ஃபைபருக்கு மாற்றி மூன்று சேவையும் தர வேண்டும்.

இதில் எல்லோரும் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி ஓஎல்டி (கன்ட்ரோல் ரூமிலிருந்து எல்லா வீட்டுக்கும் ஒளி அனுப்பும் கருவி) வாங்கலாம் என்பதைத்தான். அதைக் கடைசியில் முடிவு செய்தால் போதும். ஓஎல்டியை ஆறேழு வருடத்தில் எப்படியும் மாற்றுவீர்கள். தெருவில் இழுத்த ஃபைபரும் கம்பத்தில் ஏற்றிய ஸ்பிளிட்டரும் (ஒரு ஃபைபரின் ஒளியைப் பல வீட்டுக்குப் பிரிப்பது) இருபது வருடம் அங்கேயே இருக்கும். பணமும் யோசனையும் முதலில் அங்கே போகட்டும்.

டிராஃபிக் கணக்கை மாலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் வைத்துப் போடுங்கள். பிளான் 100 எம்பிபிஎஸ் என்பதற்காக 1000 பேரும் ஒரே நொடியில் 100 இழுப்பதில்லை. உச்ச நேரத்தில் இணைப்புக்குச் சராசரி 3 எம்பிபிஎஸ் என்று தொடங்கலாம். சில மாதம் ஓடியதும் உங்கள் கிராஃபே சரியான எண்ணைக் காட்டிவிடும். ஐபிஎல் ஆட்டம் நடக்கும் இரவின் கிராஃபைப் பாருங்கள், சாதாரண ஞாயிற்றுக்கிழமையை அல்ல. சராசரி மட்டும் போதாது. பெரிய பிளான் வைத்திருப்பவர் ஸ்பீட் டெஸ்ட் போடும்போது முழு வேகமும் வர வேண்டும். அதற்கு நடைமுறையில் உதவும் சூத்திரம்: இணைப்பு எண்ணிக்கை × சராசரி, அதோடு டிவி, அதோடு உங்களிடம் உள்ள மிகப் பெரிய பிளானின் 1.2 மடங்கு.

ஓஎல்டியின் ஒரு போர்ட்டிலிருந்து கிளம்பும் ஃபைபர் ஸ்பிளிட்டரில் பல வீடாகப் பிரியும் முறைக்குப் பான் என்று பெயர், ஜி-பான் அதில் ஒரு வகை. ஒரு ஜி-பான் போர்ட்டில் 32 வீடு, பெரிய பிளான் 500 எம்பிபிஎஸ் என்று வைப்போம். இன்டர்நெட் 32 × 3 = 96. டிவிக்கு மிக மோசமான நிலை: வீட்டுக்கு இரண்டு டிவி, 64 டிவியிலும் 64 வெவ்வேறு எச்டி சேனல், ஒவ்வொன்றும் 7 எம்பிபிஎஸ், மொத்தம் 448. பெரிய பிளானுக்கு 600. கூட்டினால் 1144 எம்பிபிஎஸ். ஜி-பான் கீழ்நோக்கி 2488, மேல்நோக்கி 1244 எம்பிபிஎஸ் தருகிறது. ஆக ஒரு போர்ட்டுக்கு 32 வீடு தாராளமாகத் தாங்கும்.

நெருக்கடி வேறு இடத்தில் வரும். ஸ்பிளிட்டர்கள் ஒருபோதும் முழுதாக நிரம்பாது. ஒரு தெருவில் ஆள் இருக்கும், அடுத்த தெருவில் காலி மனை இருக்கும். 32-க்கு 24 நிரம்பினால் நல்லது. எனவே 1000 இணைப்புக்கு 42 போர்ட், அதாவது 16 போர்ட் ஓஎல்டி மூன்று. ஒவ்வொன்றிலும் 350 இணைப்பு என்றால் இன்டர்நெட் 1050, டிவி முழு லைன்-அப் 860 (எஸ்டி 120 சேனல் × 2.5, எச்டி 80 சேனல் × 7), பெரிய பிளானுக்கு 600. மொத்தம் 2510 எம்பிபிஎஸ். விலை குறைவு என்று ஒரு ஜிபிபிஎஸ் அப்லிங்க் (ஓஎல்டியை மேலே உள்ள ஸ்விட்ச்சோடு சேர்க்கும் இணைப்பு) மட்டும் உள்ள ஓஎல்டியை வாங்கினால் முதல் மாதத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். 10 ஜிபிபிஎஸ் அப்லிங்க் இரண்டு வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது மொத்தச் சுமையையும் தாங்க வேண்டும்.

வெளியிலிருந்து வாங்கும் லிங்க்கில் டிவி வராது, அது உங்கள் ஹெட்எண்டில் (டிவி சேனல்களைப் பெற்றுச் சேர்க்கும் இடம்) இருக்கும். அந்த லிங்க்குக்கு இன்டர்நெட் 1000 × 3 = 3000, பெரிய பிளானுக்கு 600, மொத்தம் 3600. டிராய் விதிப்படி உச்ச நேரப் பயன்பாடு 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே 4500 எம்பிபிஎஸ். இது முழுவதையும் ஒரே விலைக்கு வாங்காதீர்கள். டிராஃபிக்கில் பெரும்பங்கு யூடியூப், இன்ஸ்டாகிராம், நெட்ஃபிளிக்ஸ் போன்ற சிலவற்றிலிருந்தே வருகிறது. அவற்றின் கேஷ் சர்வர் (அதிகம் பார்ப்பதை அருகிலேயே சேமித்துத் தரும் கணினி) உங்களுக்கு லிங்க் தருபவரின் பாப்பில் (அவருடைய உள்ளூர் மையம்) இருக்கிறதா, கேஷ் டிராஃபிக்குக்குத் தனி விலை உண்டா என்று கேளுங்கள். சென்னை வரை லிங்க் எடுக்க முடிந்தால் நெட்வொர்க்குகள் நேரடியாக டிராஃபிக் பரிமாறும் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சுகளான நிக்ஸி, டிஇ-சிக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐஎக்ஸ் மூன்றுக்கும் அங்கே முனை உண்டு. இரண்டு கம்பெனியிடம் லிங்க் எடுத்தால் ரூட் மேப்பையும் வாங்கிப் பாருங்கள். இரண்டு கம்பெனி கேபிளும் நெடுஞ்சாலையோரம் ஒரே பள்ளத்தில் கிடந்தால் ஒரே ஜேசிபி இரண்டையும் அறுத்துவிடும்.

அடுத்து ஒளி இழப்புக் கணக்கு. இதைக் காகிதத்தில் போடாமல் ஒரு மீட்டர் கேபிளும் இழுக்கக்கூடாது. ஓஎல்டி போர்ட்டில் செருகும் பி-பிளஸ் வகை ஆப்டிக்ஸ் 28 டிபி (டெசிபல், ஒளி இழப்பின் அளவு) இழப்பு வரை தாங்கும், சி-பிளஸ் 32 வரை. 1:4 ஸ்பிளிட்டரைத் தெருமுனையிலும் அதன் பின்னால் 1:8-ஐக் கடைசிப் பெட்டியிலும் வைத்தால்:

1:4 ஸ்பிளிட்டர் 7.3, 1:8 ஸ்பிளிட்டர் 10.6
6 கிலோமீட்டர் ஃபைபர், 1310 நானோமீட்டரில் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 2.1
ஸ்பிளைஸ் (ஃபைபரை உருக்கி ஒட்டிய இடம்) 8 × 0.1 = 0.8
கனெக்டர் 5 × 0.4 = 2.0
மொத்தம் 22.8 டிபி

28-இல் மிச்சம் 5.2. கம்பம் சாய்ந்து, லாரி இழுத்து, மழையில் ஒட்டுப்போட்டு என்று நாளடைவில் சேரும் இழப்புக்கு இந்த மிச்சம் வேண்டும். 3 டிபிக்குக் கீழே போகவிடாதீர்கள். இதே தூரத்தில் 64-ஆகப் பிரித்தால் இன்னும் 3.5 போய் 1.7 தான் மிஞ்சும். கீழ்நோக்கிய 1490-இல் ஃபைபர் இழப்பு கிலோமீட்டருக்கு 0.25 அளவில் இருப்பதால், ஓஎல்டி பிளஸ் 3 டிபிஎம்மில் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) அனுப்பினால் வீட்டில் பவர் மீட்டர் மைனஸ் 19 காட்ட வேண்டும். மைனஸ் 15-க்கும் மைனஸ் 24-க்கும் இடையில் எல்லா வீட்டையும் நிறுத்துங்கள். ஓஎன்டியின் (வீட்டில் வைக்கும் ஃபைபர் கருவி) எல்லை மைனஸ் 27 என்றாலும், 26-இல் ஓடும் வீடு முதல் கோளாறிலேயே சிவப்பு விளக்கு எரியும். மைனஸ் 8-க்கு மேல் போனால் ரிசீவர் திணறும். மேசையில் வைத்துச் சோதிக்கும்போது அட்டெனுவேட்டர் இல்லாமல் நேராகச் செருகாதீர்கள்.

கேபிள் டிவிக்காரர்களுக்குப் பழகிய முறை ஒன்று உண்டு: ஒரே ஃபைபரை நீளமாக இழுத்து, வழியில் 10:90, 20:80 என்று ஒளியைச் சமமில்லாமல் பிரிக்கும் கப்ளர் போட்டுக்கொண்டே போவது. ஆற்றங்கரையோ நெடுஞ்சாலையோ ஒரே கோடாக வீடுகள் இருக்கும் இடத்தில் அது ஃபைபரை மிச்சப்படுத்தும். ஊருக்குள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நடுவில் ஒரு கப்ளர் சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை வீட்டு பவரும் மாறும். எந்தக் கம்பத்தில் எந்த விகிதம் என்பது போட்டவர் நினைவில் மட்டும் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் கணக்கும் போய்விடும்.

ஃபீடருக்கு (கன்ட்ரோல் ரூமிலிருந்து தெருமுனை ஸ்பிளிட்டர் வரை) 48 கோர் கேபிள் இரண்டு, இரு வேறு தெரு வழியாக. 42 போர்ட்டுக்கு 96 கோர் அதிகம் போலத் தெரியும். ஆனால் கேபிளுக்குள் கோர் கூடுவதற்கு ஆகும் செலவு, பின்னால் மறுபடி ஆளும் ஏணியும் கொண்டு போவதற்கு முன் ஒன்றுமே இல்லை. வங்கி, பள்ளி, சிசிடிவி என்று தனி ஃபைபர் கேட்பவர்கள் கண்டிப்பாக வருவார்கள். ஒவ்வொரு ஜாயின்ட் பெட்டியிலும் 10 முதல் 15 மீட்டர் சுருள் விடுங்கள். வீட்டுக்குப் போகும் டிராப்புக்கு ஜி.657ஏ வகை மட்டும்: சாதாரண ஜி.652டி-யை ஜன்னல் மூலையில் மடித்தால் ஒளி கசியும். மின்வாரியக் கம்பத்தில் அனுமதி இல்லாமல் கட்டாதீர்கள். உள்ளே இரும்புக் கம்பி இருக்கும் டிராப்பானால் அந்தக் கம்பியைச் சுவரிலேயே வெட்டி நிறுத்துங்கள். மின்னல் அதன் வழியாகத்தான் ஓஎன்டிக்கு வரும்.

கோளாறு பார்க்கும்போது ஓடிடிஆரில் (எந்தத் தூரத்தில் எவ்வளவு இழப்பு என்று காட்டும் கருவி) 1310, 1550 இரண்டிலும் அளந்து பாருங்கள். 1550-இல் மட்டும் இழப்பு கூடினால் ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கிறது; இரண்டிலும் ஒரே அளவு என்றால் ஸ்பிளைஸ் சரியில்லை. பச்சை நிற ஏபிசி கனெக்டரை நீல நிற யுபிசி-யோடு சேர்த்திருந்தால் செருகிவிடும், வேலையும் செய்யும், ஆனால் பல டிபி காணாமல் போகும், முனையும் கெடும். ஊர் முழுக்கப் பச்சை என்று ஒரே முடிவாக எடுத்துவிடுங்கள். ஒரு போர்ட்டில் உள்ள 32 வீடும் சேர்ந்தாற்போல் விழுந்து எழுந்தால், ஃபைபரைத் தேடிப் போவதற்கு முன் ஓஎன்டி ஒன்றைச் சந்தேகியுங்கள். லேசர் அணையாமல் எரியும் ஓஎன்டி ஒன்று இருந்தால் மற்றவர்களின் முறையில் இது கத்திக்கொண்டே இருக்கும். 1:8 பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எந்தப் பெட்டி, எந்த வீடு என்று தெரிந்துவிடும்.

டிவிக்கு இரண்டு வழி. ஒன்று, பழைய ஆர்எஃப் சிக்னலையே 1550 நானோமீட்டரில் அதே ஃபைபரில் ஏற்றுவது. வீட்டில் இருக்கும் செட்டாப் பாக்ஸ் மாற வேண்டாம், டிவிக்கு இன்டர்நெட் பக்கத்தைத் தொடவே வேண்டாம். ஆனால் வீட்டு ரிசீவருக்கு மைனஸ் 6 அளவு ஒளி வேண்டும். மேலே போட்ட இழப்புக்கு ஒவ்வொரு பான் போர்ட்டிலும் பிளஸ் 17 டிபிஎம் ஏற்ற வேண்டியிருக்கும். அது 50 மில்லிவாட், கண்ணுக்குத் தெரியாத ஒளி. ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கும் பழக்கம் உள்ள லைன்மேனுக்கு இதை முதல் நாளே சொல்லுங்கள். இரண்டாவது வழி ஐபிடிவி, அதாவது டிவியையும் டேட்டா பாக்கெட்டாகவே அனுப்புவது. புதிதாக எல்லாவற்றையும் போடுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், மல்டிகாஸ்ட்டைச் சரியாகச் செய்ய ஆள் இருந்தால்.

யூனிகாஸ்ட்டில், அதாவது ஒவ்வொரு டிவிக்கும் தனி நகல் அனுப்பும் முறையில், 700 டிவி 5 எம்பிபிஎஸ் வீதம் பார்த்தால் 3500 எம்பிபிஎஸ். மல்டிகாஸ்ட்டில் ஒரு சேனலுக்கு ஒரே நகல்தான், எத்தனை பேர் பார்த்தாலும் 860-ஐத் தாண்டாது. டிவிக்குத் தனி விலேன் (அதே கேபிளில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) கொடுங்கள், பிபிபிஓஇ-க்குள் (வாடிக்கையாளர் லாகின் செய்து எடுக்கும் இன்டர்நெட் இணைப்பு) அனுப்பாதீர்கள். அனுப்பினால் பிராஸ் (அந்த லாகின்களை ஏற்கும் கருவி) ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனித்தனி நகல் எடுக்கும், மல்டிகாஸ்ட்டின் பயனே போய்விடும். ஓஎல்டியிலும் ஸ்விட்ச்சிலும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (எந்தப் போர்ட் எந்தச் சேனலைக் கேட்டது என்று கவனித்து அங்கே மட்டும் அனுப்பும் வசதி) வேண்டும். அதே விலேனில், யார் எந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று அவ்வப்போது கேட்கும் ஒரு குவெரியரும் வேண்டும். சேனல் போட்டு நாலு நிமிடத்தில் படம் உறைந்து, மாற்றிப் போட்டால் மறுபடி வருகிறது என்றால் குவெரியர் இல்லை என்று பொருள்: கேள்வி வராததால் ஸ்னூப்பிங் பட்டியல் சுமார் 260 நொடியில் காலாவதியாகிறது. சேனல் முகவரிகளுக்கு 239.0.0, 239.128.0 இரண்டு வரிசையையும் தவிருங்கள். அவை கட்டுப்பாட்டுச் செய்திகளின் மேக் முகவரியோடு ஒன்றிவிடுவதால் ஸ்விட்ச் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். இரண்டு செட்டாப் பாக்ஸ் உள்ள வீட்டில் ஒருவர் சேனல் மாற்றினால் இன்னொருவருக்குப் படம் நின்றால், ஃபாஸ்ட் லீவ் (விலகும் செய்தி ஒன்று வந்ததுமே சேனலை நிறுத்துவது) அமைப்பைப் பாருங்கள்.

ஒரு ஐபி பாக்கெட்டில் 188 பைட் கொண்ட 7 டிவி பாக்கெட் போகிறது. ஒன்று தொலைந்தால் ஏழும் போய், அடுத்த முழு ஃபிரேம் வரும்வரை திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதனால் செட்டாப் பாக்ஸுக்கு லேன் வயர் இழுங்கள். வைஃபையில் மல்டிகாஸ்ட் மிகக் குறைந்த வேகத்தில் போகும், தொலைந்தால் திரும்ப அனுப்பாது. வயர் முடியாத வீட்டில் மல்டிகாஸ்ட்டை யூனிகாஸ்ட்டாக மாற்றித் தரும் வசதி உள்ள ஓஎன்டி போடுங்கள். இன்டர்நெட் மெதுவாக வருகிறது என்ற புகாரிலும் முதலில் பார்க்க வேண்டியது ஓஎன்டி இருக்கும் இடம்தான். பரணிலும் ஷட்டருக்குப் பின்னாலும் வைத்துவிட்டு ஃபைபரைக் குறை சொல்ல முடியாது.

போனுக்குக் கணக்கே தேவையில்லை. ஒரு கால் 90 கிலோபிட்டுக்குள் அடங்கும், 100 பேர் பேசினாலும் 9 எம்பிபிஎஸ். முதல் முன்னுரிமை போனுக்கு, அடுத்து டிவி, அதன் பின் இன்டர்நெட் என்று ஓஎல்டி, ஸ்விட்ச், ஓஎன்டி மூன்றிலும் ஒரே மாதிரி வையுங்கள்.

பொது ஐபி முகவரி போதாது, சிஜிநாட் (ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பகிரும் முறை) வேண்டியிருக்கும். ஆளுக்கு 1000 போர்ட் (கருவியின் போர்ட் அல்ல, ஒரு ஐபி முகவரிக்குள் உள்ள எண்கள்) ஒதுக்கினால் ஒரு முகவரியில் 64 பேர், ஆக 1000 பேருக்கு 16 முகவரி. போர்ட்டை ஆளுக்கு ஒரு தொகுதியாகக் கொடுங்கள். யார் எந்த முகவரியில் இருந்தார் என்ற பதிவேடு பல மடங்கு சுருங்கும், அதை இரண்டு வருடம் வைத்திருப்பது உரிம நிபந்தனை. ஐபிவி6-ஐ முதல் நாளிலேயே திறந்துவிட்டால் கூகுள், மெட்டா டிராஃபிக் சிஜிநாட்டைத் தொடாமலே போகும். பிபிபிஓஇ-யில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1492, எம்எஸ்எஸ் (அதற்குள் போகும் டேட்டாவின் அளவு) 1452. இதை விட்டுவிட்டால் சில வலைத்தளங்கள் மட்டும் திறக்காமல் தொங்கும்.

கன்ட்ரோல் ரூமுக்கு 8 மணி நேர பேட்டரி போடுங்கள். வழியில் மின்சாரம் தேவைப்படும் கருவியே இல்லாததுதான் பானின் பெரிய லாபம். வாடிக்கையாளர் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வைத்துக்கொண்டால் கரண்ட் போனாலும் நெட் இருக்கும்.

இனி ஓஎல்டி. ஜி-பானும் அதைவிட வேகமான எக்ஸ்ஜிஎஸ்-பானும் ஒரே போர்ட்டில் வரும் காம்போ வகை கிடைத்தால் அதை எடுங்கள். எக்ஸ்ஜிஎஸ் 1577, 1270 நானோமீட்டரில் ஓடுவதால் அதே ஃபைபர், அதே ஸ்பிளிட்டரில் பழைய ஓஎன்டிகளோடு சேர்ந்தே ஓடும். ஒரு ஜிபிபிஎஸ் பிளான் கேட்கும் வீட்டில் மட்டும் ஓஎன்டியை மாற்றினால் போதும். வேலை முடித்து லைனை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு 1:8 பெட்டியின் எட்டு போர்ட் பவரையும் எழுதி, ஒரு நகலைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டச் சொல்லுங்கள். அந்த எண்கள் இல்லாத பெட்டிக்குப் பில் பாஸ் பண்ணாதீர்கள்.