தொழுவத்தில் நிற்கும் நேரமும் படிப்பு நேரம்தான்

கேள்வி: கால்நடை மருத்துவப் படிப்பில் மேலாண்டு மாணவி நான். தேர்வுக்கு இன்னும் ஆறு வாரங்கள் இருக்கின்றன. காலையில் மருத்துவமனைப் பணி, பகலில் வகுப்பு, மாலையில் மறுபடியும் தொழுவம். அறைக்குத் திரும்பிக் குளித்துவிட்டு உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. தோழிகள் அதிகாலை மூன்று மணி வரை விழித்துப் படிக்கிறார்கள். நானும் நான்கு வண்ணங்களில் குறிப்பெடுத்து, அடிக்கோடிட்டு, திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். மறுநாள் யாராவது கேட்டால் மாட்டுக்குரியதைக் குதிரைக்கும், குதிரைக்குரியதை நாய்க்கும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனைப் பணி என் நேரத்தை எல்லாம் தின்றுவிடுகிறது என்ற எரிச்சலில் இப்போது விலங்குகளைக் கண்டாலே சலிப்பாக இருக்கிறது. அவற்றின் மேல் இருந்த பிரியத்தால்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன். தவறான இடத்துக்கு வந்துவிட்டேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வந்த இடம் சரியா தவறா என்பதைத் தூக்கம் கெட்ட ஆறு வாரங்களுக்குள் தீர்மானிக்காதீர்கள். தேர்வு முடிந்து, சில நாள் வயிறாரச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் இதே கேள்வி மனத்தில் நின்றால் மறுபடி எழுதுங்கள், விரிவாகப் பேசலாம். இப்போதைக்கு எனக்குச் சந்தேகமெல்லாம் அந்த நான்கு வண்ணப் பேனாக்கள் மேல்தான்.

திரும்பத் திரும்ப வாசிக்கும்போது பக்கம் பழகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்தது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கல்லூரி மாணவர்களில் ஒரு சாராரை ஒரு பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். மற்றவர்களைப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லை, ஆறு வாரத்தில் இருக்கிறது. பேனாக்களை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வெள்ளைத்தாளை எடுங்கள்.

விலங்குகள் ஒன்றோடொன்று குழம்புவது வேறு சிக்கல். மனித மருத்துவம் படிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஓர் உடலைப் படித்தால் போதும். (அவர்கள் தங்கள் பாடச்சுமையைப் பற்றிப் புலம்பும்போது நம் ஆட்கள் சிரித்துக்கொள்வதை நான் தடுப்பதில்லை.) நீங்கள் மாடு, குதிரை, நாய் என்று தனித்தனியாக மூன்று முழுப் பாடங்களை மண்டையில் ஏற்றப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் முழுதாகப் படியுங்கள். பெரும்பாலும் நாயில்தான் உடற்கூறியல் தொடங்குகிறது என்பதால் நாயையே வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றில் எது மாறுகிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பை எடுத்துக்கொண்டால் கழுத்து எலும்புகள் மூன்று விலங்குக்கும் 7. அதோடு அந்த வரி முடிந்தது. மார்புப் பகுதியில் நாய்க்கும் மாட்டுக்கும் 13, குதிரைக்கு மட்டும் 18. இடுப்புப் பகுதியில் நாய்க்கு 7, மற்ற இரண்டுக்கும் 6. நினைவில் வைக்க வேண்டியது பாதியாகக் குறைந்துவிட்டது, பாருங்கள்.

அந்த வேறுபாட்டோடு ஒரு விளைவையும் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. குதிரைக்குப் பித்தப்பை இல்லை என்பது வெறும் தகவல், மறந்துபோகும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதோ வயிற்று வலியோடு வரும் ஒவ்வொரு குதிரையிலும் உயிர் பிழைக்கும் விஷயம். வயிறு நிரம்பி வெளியேற வழியில்லாமல் கிழிந்துவிடலாம். அதனால்தான் மருத்துவர் மூக்கு வழியே குழாய் செலுத்துகிறார். பூனைக்குப் பாராசிட்டமால் ஏன் ஆகாது? அதைச் சிதைத்து வெளியேற்றும் குளுக்குரோனைடு வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். மயக்கத்துக்குத் தரும் சைலசின், குதிரைக்குக் கொடுக்கும் அளவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். இரண்டையும் மாற்றிச் சொல்லாமல் இருக்க, அளவை மாற்றிக் கொடுத்தால் அந்த மாட்டுக்கு என்ன ஆகும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பிறகு மறக்காது.

இனி, நேரத்தைத் தின்கிறது என்று நீங்கள் குறைப்பட்ட மருத்துவமனைப் பணிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான்.

நாளைக் காலை ஒரு மாட்டின் இடது பக்கம் நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். நலமான மாடாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் ஒரு முறையோ இரு முறையோ ரூமன் என்ற முதல் இரைப்பை எழும்பி உங்கள் கையை வெளியே தள்ளும். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் தூரத்து இடிபோல அது உருள்வது கேட்கும். அந்த ஒரு நிமிடம் உங்களுக்குச் சும்மா நிற்கிற நேரம். கை அங்கேயே இருக்கட்டும், கேள்விகளை அடுக்குங்கள். இது தள்ளாமல் கிடந்தால் என்ன காரணமாக இருக்கலாம்? தானியத்தை அளவுக்கு மீறித் தின்றிருக்குமா? கால்சியம் குறைந்திருக்குமா? கன்று ஈன்று எத்தனை நாள் ஆகிறது? இதே பக்கத்தில் ஒன்பதாம் விலாவிலிருந்து பதின்மூன்றாம் விலா வரை விரலால் சுண்டிக்கொண்டே கேட்டால் கணீரென்று உலோக ஓசை எழுகிறதா? எழுந்தால், வாயு நிறைந்த அபோமேசம், அதாவது நான்காம் இரைப்பை, இடம் பெயர்ந்து இடப்பக்கம் மேலேறியிருக்கலாம். அது ஏன் பெரும்பாலும் கன்று ஈன்ற முதல் மாதத்தில், அதுவும் அதிகம் பால் கறக்கும் மாட்டில் வருகிறது? பதில் வராத கேள்வியை மட்டும் சட்டைப்பைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு புத்தகத்தில் தேட வேண்டியது அதைத்தான், முழு அத்தியாயத்தை அல்ல.

ஈன்ற மறுநாள் எழ முடியாமல், தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படுத்துவிட்ட கறவை மாட்டையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரத்தக்குழாய் வழியாகக் கால்சியம் ஏறி முடியும் வரை மூத்த மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை மார்பிலிருந்து எடுக்காமல் இதயத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஏன் என்று அங்கேயே கேளுங்கள். வேகமாக ஏறினால் துடிப்பு தடுமாறும் என்பதை அவர் வாயால் கேட்டு, கண்ணெதிரே அந்த மாடு எழுந்து நிற்பதையும் பார்த்துவிட்டால், மருந்தியலில் ஒரு பக்கமும் உடலியங்கியலில் ஒரு பக்கமும் படித்தாகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் இது உதவாது. ஒட்டுண்ணிகளின் வாழ்க்கைச் சுழற்சி உட்கார்ந்து மனப்பாடம் செய்ய வேண்டியதுதான், அதில் சுகம் எதுவும் கிடையாது. கல்லீரல் தட்டைப்புழு எந்தக் கட்டத்தில் நத்தைக்குள் போகிறது, எந்தக் கட்டத்தில் புல்லில் ஒட்டிக்கொள்கிறது என்று பார்க்காமல் வரைந்து, தவறைத் திருத்தி, சில நாள் கழித்து மறுபடி வரையுங்கள். அவ்வளவுதான்.

மூன்று மணி வரை விழித்திருக்கும் தோழிகளைப் பார்த்துப் பதற வேண்டாம். பகலில் கற்றதை மூளை உறுதிப்படுத்திக்கொள்வது உறக்கத்தில்தான் பெரிதும் நடக்கிறது. அதை வெட்டிவிட்டுப் படிப்பது நட்டக் கணக்கு. நம் தொழிலில் இன்னொன்றும் உண்டு. தூக்கக் கலக்கத்தில் புத்தகத்தின் முன் உட்கார்ந்தால் தலைதான் மேசையில் முட்டும், மாட்டின் பின்காலருகே நின்றால் விலா எலும்பு முறியும். மாலைப் பணி முடிந்து குளித்ததும் அன்று பார்த்த இரண்டு மூன்று விலங்குகளைப் பற்றிப் புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள், சட்டைப்பைத் தாளில் உள்ள சந்தேகங்களைத் தேடித் தீர்த்துக்கொள்ளுங்கள், படுத்துவிடுங்கள். கனமான பாடங்களுக்கு விடுமுறை நாட்களின் காலைப் பொழுது இருக்கிறது.

சலிப்பைப் பற்றி ஒரு சொல். களைத்தவருக்கு எதைக் கண்டாலும் சலிக்கும், அது பிரியம் செத்துப்போனதற்கு அடையாளமல்ல. ஆனால் தூக்கமும் பசியும் தொடர்ந்து கெட்டு, எதிலும் ஒட்டாமல், வாழ்க்கையே வேண்டாம் என்பதுபோல எண்ணம் தலைகாட்டினால், தேர்வு முடியட்டும் என்று ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். உடனே ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர்களுக்கு மன அழுத்தம் அதிகம் என்பது பல நாடுகளில் பேசப்பட்டுவரும் விஷயம். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதை இந்தத் தொழிலில் யாரும் திறமையாக எண்ண வேண்டியதில்லை.

வாய்மொழித் தேர்வுக்கு ஒரு பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். எந்தப் பதிலையும் விலங்கின் பெயரைச் சொல்லியே ஆரம்பியுங்கள்: "மாட்டில்...", "நாயில்...". பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மனம் சரியான விலங்குக்குப் போய் நின்றுவிடும். தேர்வாளர் இருக்கையில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், தடுமாறும் மாணவர்களில் பலர் பாடம் தெரியாதவர்கள் அல்ல. விலங்கைக் கவனிக்காமல் வாயைத் திறந்தவர்கள். "பித்தப்பையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று உங்களைக் கேட்டால், "எந்த விலங்கில், ஐயா?" என்று தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். குதிரை என்று அவர் சொன்னால் பதில் ஒரே வரிதான்.