ஏஐ ஏஜென்ட் பயன்படுத்தும் சதுரங்கத் தரவுத் தேடல் கருவிக்கு ஆவணம் எழுதுவது எப்படி?

ஆட்டங்கள், ரேட்டிங், எண்ட்கேம் டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவுகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த தரவுத்தளம்) ஆகியவற்றைத் தேடித் தரும் கருவியை உருவாக்கிவிட்டதாகவும், ஏஐ ஏஜென்ட் (கருவிகளைத் தானே அழைத்து வேலை செய்யும் மென்பொருள்) அதைப் பிழையின்றிப் பயன்படுத்த ஆவணத்தில் என்ன எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய ஆவணங்களை எழுதிவருபவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: கருவியை எப்படி அழைப்பது என்பதைவிட, அது தரும் விடைக்கு என்ன பொருள் என்பதற்கே அதிக இடம் கொடுங்கள். ஐயம் வந்தால் மனிதர் பலகையை எடுத்து வைத்துப் பார்ப்பார், அல்லது உங்களிடமே கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் நின்று கேட்பதில்லை. விடுபட்டதைத் தன் பயிற்சியில் படித்ததைக் கொண்டு நிரப்பிக்கொண்டு மேலே போய்விடும். சதுரங்கத்தைப் பற்றி அது ஏராளமாகப் படித்திருப்பதால், நிரப்பியது தவறானாலும் படிப்பவருக்கு நம்பும்படியாகவே இருக்கும்.

டேபிள்பேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு காய்கள் வரையிலான நிலைகளுக்கு லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளம் ஏபிஐ (ஒரு மென்பொருள் மற்றொன்றிடம் தரவு கேட்கும் வழி) மூலமாக முடிவுகளைத் தருகிறது. ஒரு நிலைக்குத் தரப்படும் வெற்றி, தோல்வி, டிரா என்ற முடிவு அடுத்து நகர்த்த வேண்டியவரின் பக்கத்திலிருந்து சொல்லப்படுவது. ஆனால் அதே விடையில் ஒவ்வொரு நகர்வுக்கும் எதிரே உள்ள முடிவு, அந்த நகர்வை ஆடிய பிறகு யார் நகர்த்த வேண்டுமோ அவருடைய, அதாவது எதிராளியின் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது. வெள்ளைச் சிப்பாய் ஏழாம் வரிசையில் நிற்கிறது, அடுத்த நகர்வில் ராணியாகி ஆட்டத்தை வென்றுவிடும் என்று வைத்துக்கொள்வோம். நிலைக்கு 'வெற்றி' என்று வரும். ராணியாக்கும் அந்த நகர்வுக்கு நேரே 'தோல்வி' என்று வரும். இதைச் சொல்லாத ஆவணத்தைப் படித்த ஏஜென்ட், வெல்லும் ஒரே நகர்வைத் தவிர்க்கச் சொல்லி, அதற்கு அழகான காரணமும் எழுதித் தரக்கூடும். இரண்டு வாக்கியங்கள் எழுதினால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. எஞ்சின் (நகர்வுகளைக் கணிக்கும் சதுரங்க மென்பொருள்) தரும் மதிப்பீட்டிலும் இதே வேறுபாடு உண்டு. பிற மென்பொருள்கள் எஞ்சினோடு பேசப் பயன்படும் யூசிஐ நெறிமுறையில் எஞ்சின் தன் ஆட்டத் தரப்பிலிருந்து மதிப்பைச் சொல்கிறது. பல தளங்கள் அதை எப்போதும் வெள்ளையின் பக்கத்துக்கு மாற்றிக் காட்டுகின்றன. உங்கள் கருவி எதைத் தருகிறது என்பதை அந்தப் புலத்தின் (விடையில் அந்த மதிப்பு வரும் இடத்தின்) விளக்கத்திலேயே எழுதுங்கள். முன்னுரையில் எழுதினால் போதாது.

பலகையின் நிலையை எழுத்துகளாலும் எண்களாலும் குறிக்கும் ஃபென் வரியில் ஆறு பகுதிகள் உண்டு. அவற்றில் தொல்லை தருவது ஆன்பாசான் (இரண்டு கட்டம் நகர்ந்த சிப்பாயை எதிர்ச் சிப்பாய் வெட்டும் சிறப்பு விதி) கட்டத்தைக் குறிக்கும் நான்காவது பகுதி. ராஜாவுக்கு முன்னுள்ள சிப்பாயை வெள்ளை இரண்டு கட்டம் நகர்த்தியவுடன், அதை வெட்டக் கறுப்புச் சிப்பாய் எதுவும் அருகில் இல்லாவிட்டாலும் அது தாண்டிய கட்டத்தைக் குறிக்க வேண்டும் என்பது மூல வரையறை. உண்மையிலேயே வெட்ட முடிந்தால் மட்டும் குறிக்கும் மென்பொருள்களும் உண்டு. ஒரே நிலைக்கு இப்படி இரண்டு வரிகள் கிடைப்பதால், வரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவி 'ஆட்டம் எதுவும் இல்லை' என்று சொல்லிவிடும். இதைக் கருவிக்குள்ளேயே சீர்செய்வது நல்லது. அதைவிட நல்லது, ஏஜென்ட்டை ஃபென் எழுதவே விடாமல், நகர்வுகளின் வரிசையைப் பெற்று நிலையைக் கருவியே அமைத்துக்கொள்வது. காய்களின் இடங்களை ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாதிரி நினைவில் வைத்து எழுதும்போது ஒரு கட்டம் தவறினால்கூட, விடை முற்றிலும் வேறொரு நிலைக்கு உரியதாகிவிடும்.

ரேட்டிங் என்ற புலத்தை வெறும் எண்ணாக விடாதீர்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேவில் ஸ்டாண்டர்ட், ரேபிட், பிளிட்ஸ் என மூன்று ரேட்டிங்குகள் உள்ளன. லிசெஸ் ரேட்டிங் கிளிக்கோ-2 என்ற வேறொரு கணக்கீட்டு முறையில், வேறு ஆட்டக்காரர்களிடையே கணக்கிடப்படுவதால், அதை ஃபிடே எண்ணோடு நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. பழைய பட்டியல்களையும் தருகிறீர்கள் என்றால், 2024 மார்ச் 1 அன்று நிகழ்ந்த மாற்றத்தைக் கட்டாயம் எழுதுங்கள். அன்று 2000க்குக் கீழிருந்த ஸ்டாண்டர்ட் ரேட்டிங்குகளை ஃபிடே ஒரே முறையில் உயர்த்தியது. 1500 வைத்திருந்தவர் எந்த ஆட்டமும் ஆடாமலேயே 1700 ஆனார். இதை அறியாத ஏஜென்ட், அவர் திடீரென்று முன்னேறிவிட்டதாக எழுதும். அது அந்த ஆட்டக்காரரைப் பற்றிய பொய்யான தகவல் என்பதால் எனக்கு இது சிறு பிழையாகத் தோன்றுவதில்லை.

ஆட்டக்காரரைப் பெயரைக் கொண்டு அல்ல, ஃபிடே அடையாள எண்ணைக் கொண்டு தேடச் சொல்லுங்கள். முதலெழுத்து, எழுத்துக்கூட்டல், பெயர் வரிசை ஆகியவை இடத்துக்கு இடம் மாறுகின்றன.

பிழைச் செய்திகளும் ஆவணத்தின் பகுதியே. 'தரவு இல்லை' என்பதும் 'தரவை எடுக்க முடியவில்லை' என்பதும் ஒரே வெற்றுப் பட்டியலாகத் திரும்பக் கூடாது. லிசெஸ் 429 (அளவுக்கு மீறி அழைத்துவிட்டீர்கள் என்பதற்கான குறியீடு) என்று பதில் அனுப்பினால் ஒரு முழு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. செய்தியிலேயே அதைச் சொன்னால், ஏஜென்ட் உடனுக்குடன் மறுபடி அழைத்துக்கொண்டிருக்கும் வாய்ப்புக் குறையும்.

எழுதி முடித்தபின் ஆவணத்தை மட்டும் ஏஜென்ட்டிடம் கொடுத்துக் கேள்விகள் கேட்டுப் பாருங்கள். அப்போது இறுதி விடையைவிட, எந்த அழைப்பை எந்த மதிப்புகளோடு அது செய்தது என்ற பதிவைப் படியுங்கள். 2013இல் உலகச் சாம்பியன் ஆனவர் யார் என்று கேட்டால் கருவியைத் தொடாமலேயே கார்ல்சன் என்று சொல்லிவிடும். இந்த மாத ரேட்டிங் பட்டியலிலிருந்தோ நேற்று முடிந்த ஆட்டத்திலிருந்தோ கேட்டால்தான் அது உங்கள் ஆவணத்தைப் படித்து நடக்கிறதா என்பது தெரியவரும்.