எலியின் சிறுநீர்ப்பை மீண்டது, அப்பாவுக்கும் மீளுமா?

கேள்வி: 70 வயதான என் தந்தைக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர்ப் பாதையை அடைப்பதால் சிறுநீர் முக்கித்தான் வருகிறது. கழித்த பின்னும் 220 மி.லி. தங்குவதாகவும், சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருப்பதாகவும் ஸ்கேன் காட்டியது. மருத்துவர் அறுவைச் சிகிச்சைக்குச் சொல்லி எட்டு மாதங்கள் ஆகின்றன. அடைப்பை நீக்கியதும் எலிகளின் சிறுநீர்ப்பை பழைய நிலைக்குத் திரும்பியதாகப் படித்தேன். இன்னும் ஓராண்டு பொறுக்கலாமா?

பதில்: நீங்கள் படித்த செய்தி சரியானதே, ஆனால் அதே ஆய்வுகளை முழுமையாகப் பார்த்தால், அவை தாமதத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

எலி, முயல், பன்றி ஆகியவற்றின் சிறுநீர் வெளியேறும் பாதையைச் சற்றே இறுக்கி இந்தச் சோதனைகளைச் செய்கிறார்கள். அடைப்பை எதிர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் சிறுநீர்ப்பைத் தசை பருக்கிறது, சில வாரங்களிலேயே எலியின் சிறுநீர்ப்பை எடை பல மடங்காகிவிடும். இந்தக் கட்டத்தில் அடைப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் மீட்சி உண்டு.

நீடித்தால் நிலைமை மாறுகிறது. தடித்த சுவர் அழுத்தி முக்கும் ஒவ்வொரு முறையும் அதன் இரத்தக் குழாய்கள் நசுங்குவதும், தளர்ந்ததும் இரத்தம் திரும்பப் பாய்வதும் மாறி மாறி நிகழ்வதால், தசை செல்களின் ஆற்றல் உற்பத்தி குலைகிறது. தசையைவிட விரைவில் நலிந்துபோகும் நரம்பிழைகள் அங்கங்கே அழிகின்றன. தசைக்கட்டுகளுக்கிடையே கொலாஜன் நார் படிகிறது. பருத்த தசை சுருங்கிவிடும், படிந்த நார் எளிதில் கரைவதில்லை. அடைப்பை நீக்கிய பிறகும் ஒரு பகுதி எலிகளுக்கு அடிக்கடி சிறுநீர் முட்டும் தொல்லை நின்றபாடில்லை. அறுவைக்குப் பின் சில மனிதர்களுக்குச் சிறுநீரை அடக்க முடியாத அவசரம் தொடர்வதும் இதனால் விளங்குகிறது.

எலியின் வாரங்களை மனிதனின் மாதங்களாகக் கணக்கிட முடியாது: அங்கே இளம் விலங்குக்கு ஒரே நாளில் அடைப்பு, இங்கே பல ஆண்டுகளாக மெல்ல வளர்ந்த வீக்கம். ஆகவே நாள்காட்டியை நம்பாமல் அளவுகளைப் பாருங்கள். எஞ்சும் சிறுநீரின் அளவை மறுபடி ஸ்கேனில் பார்த்து, சிறுநீர் பாயும் வேகம், இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் அளவு), சிறுநீரகங்கள் வீங்கியுள்ளனவா என்பவற்றையும் இந்த மாதமே அறிந்துகொள்ளுங்கள். எஞ்சும் அளவு ஏறியிருந்தால் ஓராண்டு காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். தசை தளர்ந்துவிட்டதோ என்ற ஐயம் இருந்தால், அறுவையின் பலனை முன்கூட்டி மதிப்பிட, அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் சோதனை உதவும்.

முக்குவது குறைந்துவிட்டால் நலமென்று எண்ணாதீர்கள். சோர்ந்த சிறுநீர்ப்பையும் அப்படித்தான் அமைதியாக இருக்கும். தூக்கத்தில் தானாகச் சிறுநீர் கசிந்தாலோ, காய்ச்சலுடன் எரிச்சல் வந்தாலோ, சிறுநீர் அடியோடு நின்றாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இதற்கிடையே, சளி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். அவற்றில் சில, திடீர் அடைப்பை உண்டாக்கும்.