துணியில் கீரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பனியன் கம்பெனி வெட்டுத்துணி மலிவாகக் கிடைக்கிறது. அடுக்குத் தட்டுகளில் மைக்ரோகிரீன் (முளைத்துச் சில நாளில் இளம் பயிராகவே அறுக்கும் கீரை) வளர்க்க அதைப் போடலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: சாயம் ஏறாத பருத்தி என்றால் தாராளமாகப் போடலாம். சாயத்துணியை விட்டுவிடுங்கள். அலசும்போது நிறம் இறங்காவிட்டாலும் அச்சுப் பசை, மென்மைக்காகச் சேர்த்த சிலிக்கோன் எல்லாம் அதில் இருக்கும். சாப்பிடும் பயிருக்கு ஆகாது.

வெளுக்காத பருத்தியில் இயற்கை மெழுகு உண்டு. நெய்த காடாத் துணி என்றால் பாவுக்கு (நீளவாட்டு நூலுக்கு) போட்ட கஞ்சியும் சேர்ந்திருக்கும். துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் அந்தத் துணி வேர் வரைக்கும் ஈரத்தைக் கொண்டு போகாது. லிட்டருக்கு 10 கிராம் சலவை சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, மூன்று தண்ணீரில் அலசுங்கள். பிறகு சொட்டு விழுந்ததும் பரவும்.

25க்கு 50 செ.மீ. ஓட்டைத் தட்டில் இரண்டு மடிப்பாக விரித்து 15 முதல் 20 கிராம் கடுகை நெருக்கமாகத் தூவி, இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். கடுகை ஊற வைத்தால் வழுக்கலாகி ஒட்டிக்கொள்ளும். வெந்தயத்தை மட்டும் 8 மணி நேரம் ஊற வையுங்கள். முளைத்த பிறகு தண்ணீரை அடித்தட்டில் ஊற்றி, 15 நிமிடத்தில் மீதியை வடித்துவிடுங்கள். மேலே தெளித்தால் தண்டு அழுகும். வேரில் வெள்ளையாகப் பஞ்சு போலத் தெரிந்தால் பயப்படாமல் தண்ணீரை லேசாகப் பீய்ச்சுங்கள். படிந்துவிட்டால் அது வேர்த்தூவி. படியாமல் நூலாம்படை போல நின்று, மக்கிய வாடையும் அடித்தால் பூஞ்சணம். அந்தத் தட்டை அப்படியே கழித்துவிடுங்கள். பத்து நாள் பயிருக்கு வெறும் தண்ணீர் போதும், உரம் வேண்டாம்.

கேள்வி: பருத்தித் துணியில் விட்ட முளைக்கீரை மூன்றாவது வாரத்தில் அடியிலை மஞ்சளாகிறது. துணியும் வழுவழுப்பாகிவிட்டது. ஏன்? (வாசகர், மதுரை)

பதில்: நுண்ணுயிர்கள் பருத்தியைத் தின்று மக்க வைக்கின்றன. அதற்குத் தேவையான தழைச்சத்தை (நைட்ரஜன்) செடிக்கு நீங்கள் கொடுக்கும் உரக் கரைசலில் இருந்தே எடுத்துக்கொள்ளும். செடிக்குக் குறைவதால் அடியிலை மஞ்சளாகிறது. சணல் சாக்கிலும் இதே கதைதான். பருத்தியும் சணலும் ஒரு குறுகிய பயிருக்கு மட்டும். அறுத்ததும் வேரோடு மக்குக்குழியில் போடுங்கள். அதற்கு மேல் நிற்கும் பயிருக்கு ஊசி குத்தித் தயாரித்த பாலியஸ்டர் ஃபெல்ட்தான் சரி. 300 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) குறையாமல் வாங்குங்கள். ஓரத்தைச் சூடான கத்தியால் வெட்டினால் இழை உதிராது.

கேள்வி: மொட்டை மாடிச் சுவரில் ஃபெல்ட் பை வைத்துக் கீரை வளர்க்கிறோம். மேல் வரிசை காய்கிறது, கீழ் வரிசை அழுகுகிறது. துணியில் வெள்ளைப் பொறுக்கும் கட்டுகிறது. (வாசகர், சென்னை)

பதில்: ஃபெல்ட் பிடித்து வைக்கும் தண்ணீர் கொஞ்சம்தான், மீதி கீழே இறங்கிவிடும். ஒரே நேரத்தில் அதிகம் விட்டால் இப்படித்தான் ஆகும். டைமர் வைத்துச் சில நிமிடங்களாகப் பிரித்துப் பகலில் ஆறு ஏழு முறை விடுங்கள். உச்சியில் 16 மி.மீ. சொட்டுநீர்க் குழாய் ஓடட்டும், 15 செ.மீ.க்கு ஒரு சொட்டுவாய் இருக்கட்டும். சுவர் 1.5 மீட்டருக்கு மேல் உயரமானால் நடுவிலும் ஒரு குழாய் வேண்டும். வறட்சியைத் தாங்கும் கற்பூரவல்லியை மேலேயும், ஈரம் கேட்கும் வல்லாரை, புதினாவைக் கீழேயும் வையுங்கள்.

ஃபெல்ட்டை நேராகச் சுவரில் அடிக்காதீர்கள், சுவர் ஊறிவிடும். தாவரவியலாளர் பாத்ரிக் பிளாங்க் பாரிஸ் கே பிரான்லி அருங்காட்சியகச் சுவரைப் பசுமையாக்கிய முறையில், சட்டத்தில் 10 மி.மீ. பிவிசி பலகை, அதன்மேல் இரண்டு அடுக்கு ஃபெல்ட். மேலடுக்கைக் கீறிச் செடியைச் செருகி, சுற்றிலும் ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும். பின் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதா இரும்பு எப்போதும் ஈரத்திலேயே இருந்தால் துருப்பிடித்து அறுந்துவிடும்.

வெள்ளைப் பொறுக்கு உப்பு. போர் தண்ணீரின் உப்பும் உரத்தின் உப்பும், நீர் ஆவியாகும் இடத்தில் படிகின்றன. வாரம் ஒருமுறை மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ விட்டுக் கழுவி வடியுங்கள். உரக் கரைசலின் இசி (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்தல் அளவு, mS/cm) 1.2 முதல் 1.8, பிஹெச் (அமில காரத் தன்மை) 5.5 முதல் 6.5 போதும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரத்தில் கால்சியம் கிடையாது. கால்சியம் நைட்ரேட்டைத் தனி வாளியில் கரைத்துத்தான் தொட்டித் தண்ணீரில் சேர்க்க வேண்டும். அடர்த்தியாக ஒன்றாகக் கலந்தால் வெண்மையாகத் திரிந்து அடியில் தங்கி, சொட்டுவாயையும் அடைத்துவிடும். தொட்டி வெயிலில் நிற்கக்கூடாது. தண்ணீர் 28 டிகிரியைத் தாண்டினால் வேரழுகல் வேகமாக வரும்.

கேள்வி: திரி வைத்துக் கீழ்த் தொட்டியிலிருந்து எவ்வளவு உயரம் தண்ணீர் ஏற்றலாம்? (வாசகர், கோவை)

பதில்: நம்பி வைக்கலாம் என்றால் 15 செ.மீ. மைக்ரோஃபைபர் துணியை 2 செ.மீ. பட்டையாக வெட்டி, நனைத்த பிறகு மாட்டுங்கள். காய்ந்த திரி தானாகத் தொடங்கத் தாமதமாகும்.

கேள்வி: அமெரிக்காவில் துணியைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துகிறார்களாமே? (வாசகர், சேலம்)

பதில்: ஆமாம். எட் ஹார்வுட் உருவாக்கி, ஏரோஃபார்ம்ஸ் நிறுவனம் பயன்படுத்திய முறையில், விதை துணிமேல் முளைக்கும், வேர் துணியைத் துளைத்துக் கீழே பனிபோலத் தெளிக்கும் தண்ணீரில் தொங்கும். துணி, பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எடுத்த பாலியஸ்டர் இழை. நீங்கள் செய்வதானால், அறுத்த ஃபெல்ட்டை வெயிலில் நன்றாகக் காய விடுங்கள். வேர் மொறுமொறுப்பானதும் பிரஷால் தேய்த்தால் உதிரும். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் இழைக்குள் இன்னும் இறங்கிவிடும். பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் அரை மணி நேரம் ஊற வைத்து அலசுங்கள். ஃபெல்ட் சப்பையாகி, பிழிந்தால் முன்போல் தண்ணீர் வராத நிலை வந்தால் மாற்றிவிடுங்கள்.